எஃப்2-இல் தொடங்கலாம்: எடிட்டரில் உள்ள ரீஃபாக்டரிங் கருவிகளுக்கு ஒரு வழிகாட்டி

புரோகிராமிங் கற்றுக்கொள்பவர்கள் முதல் சில மாதங்களிலேயே ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எழுதிய நிரல் ஓடுகிறது, ஆனால் திறந்து படித்தால் எழுதியவருக்கே புரிவதில்லை. பெயர்கள் எல்லாம் ஒற்றை எழுத்து. ஒரே ஃபங்ஷன் இரண்டு திரை நீளத்துக்குப் போகிறது. சரிசெய்யலாம் என்று ஓரிடத்தில் கை வைத்தால் இன்னோரிடத்தில் எரர் வருகிறது. அப்புறம் "ஓடுகிறதே, தொட வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் பழக்கமாகிவிட்டால் நிரல் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகும்.

நிரல் செய்யும் வேலை மாறாமல் அதன் அமைப்பை மட்டும் சீராக்குவதுதான் ரீஃபாக்டரிங். அதில் அலுப்பூட்டும், தவறு நேரக்கூடிய பகுதிகளை எடிட்டரே செய்து தரும். பெரும்பாலான புதியவர்கள் அந்த மெனுவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக. கருவியை எப்படி இயக்குவது என்பதோடு, அது எதை அறியும், எதை அறியாது என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். இரண்டாவது தெரியாமல் முதலாவதை மட்டும் கற்பதால் பெரிய பயனில்லை.

எதை வைத்துச் செய்து பார்ப்பது

விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரையும் பைத்தான் மொழியையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் இலவசம், புதியவர்கள் பலரிடம் ஏற்கெனவே இருப்பவை. எக்ஸ்டென்ஷன் பகுதியில் மைக்ரோசாஃப்ட் வெளியிடும் பைத்தான் எக்ஸ்டென்ஷனை நிறுவுங்கள். அதனுடன் பைலான்ஸ் என்ற இன்னொன்றும் வந்துவிடும். நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலையைச் செய்வது இந்தப் பைலான்ஸ்தான்.

பைத்தான் 3 யூனிகோட் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்கும் என்பதால், உதாரணத்தில் வேரியபிள் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். அப்படியே தட்டச்சு செய்தால் ஓடும்.

தையல் மெஷின் விற்கும் ஒரு கடைக்கு பில் போடும் சிறு நிரல் என்று வைத்துக்கொள்வோம். ‘கணக்கு’ என்ற ஃபங்ஷன் ‘வி’, ‘எ’ என்று இரண்டு உள்ளீடுகளை வாங்குகிறது. உள்ளே இருப்பது இது:

த = வி * எ
த = த - த * 5 / 100
வ = த * 12 / 100
மொ = த + வ
தவ = மொ / 12

கடைசியில் மொ, தவ இரண்டையும் அச்சிடுகிறது. விலையை எண்ணிக்கையால் பெருக்கி, 5 சதவீதம் தள்ளுபடி கழித்து, 12 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து, 12 மாதத் தவணையாகப் பிரிக்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் விளக்கம் கேட்காமல் இதைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம்.

கை வைப்பதற்கு முன்

முதலில், ஃபைலை மட்டும் திறக்காமல் ஃபோல்டரையே திறங்கள். ஒற்றை ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பெயரை மாற்றினால், அந்த ஃபங்ஷனை அழைக்கும் மற்ற ஃபைல்கள் எடிட்டரின் கணக்கிலேயே வராது. "பெயரை மாற்றினேன், வேறு ஃபைல் உடைந்துவிட்டது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஃபோல்டராகத் திறந்தீர்களா என்பதைத்தான்.

அடுத்து, சிவப்புக் கோடுகள் இருந்தால் அவற்றைத் தீருங்கள். அடைப்புக்குறி மூடாத, உள்தள்ளல் பிசகிய நிரலை எடிட்டரால் சரியாகப் பிரித்துப் படிக்க முடியாது. அரைகுறையாகப் படித்ததை வைத்து அது செய்யும் மாற்றமும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

மூன்றாவதாக, கிட்டில் (நிரலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கருவி) ஒரு கமிட் போட்டுவிடுங்கள், அதாவது இப்போதைய நிலையைச் சேமித்துவிடுங்கள். இடப்பக்கப் பட்டையில் உள்ள சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியிலேயே செய்யலாம், கட்டளை எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதனால் இரண்டு லாபம். மாற்றம் பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதைவிட முக்கியம், கருவி எந்தெந்த வரியைத் தொட்டது என்பதைப் பழையதும் புதியதுமாக அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

நான்காவது, இப்போதைய விடையைக் குறித்து வையுங்கள். டெஸ்ட் எழுதத் தெரிந்தவர்கள் டெஸ்ட் எழுதலாம். தெரியாதவர்கள் நிரலை ஓரிரு உள்ளீடுகளுடன் ஓட்டி, வரும் விடையை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்தாலே போதும். நம் உதாரணத்தில் 10,000 ரூபாய் மெஷின் 2 வாங்கினால் மொத்தம் 21,280, மாதத் தவணை 1,773.33. ஒவ்வொரு படிக்குப் பிறகும் இதே எண்கள் வர வேண்டும். ஒரு பைசா மாறினாலும் நாம் செய்தது ரீஃபாக்டரிங் அல்ல.

பெயர் மாற்றம்

ஒரே ஒரு கருவியைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவற்றைவிட அதிகமாகப் பயன்படுவது இதுதான்.

‘வி’ என்ற பெயரின் மேல் கர்சரை வைத்து எஃப்2 அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். சிறு பெட்டி ஒன்று திறக்கும். ‘விலை’ என்று எழுதி என்டர் தட்டினால் முடிந்தது. ஃபங்ஷனின் உள்ளீட்டுப் பட்டியலில் இருந்த ‘வி’, உள்ளே பயன்படுத்திய ‘வி’ இரண்டும் மாறியிருக்கும்.

இதைக் கன்ட்ரோல் + எச் போட்டு, தேடி மாற்றினால் என்ன? ‘வ’ என்பதை ‘வரி’ என்று மாற்றச் சொல்லிப் பாருங்கள். ‘தவ’ என்ற பெயர் ‘தவரி’ ஆகிவிடும். ‘விலை’க்குள் இருக்கும் வகரம்கூடத் தப்பாது, ஏனென்றால் கணினிக்கு ‘வி’ என்பது வகரமும் அதன் பின்னால் ஒரு குறியும்தான். முழுச் சொல்லாக மட்டும் தேடச் சொல்லலாம்தான். அப்போதும் வேறொரு ஃபங்ஷனில் வேறொரு வேலைக்காக வைத்த ‘வ’வும் சேர்ந்து மாறும். தேடி மாற்றுவது எழுத்தைப் பார்த்துச் செய்கிற வேலை. எஃப்2 அப்படியல்ல. பைலான்ஸ் முழு நிரலையும் இலக்கண மரமாகப் பிரித்து, எந்தப் பெயர் எந்த ஃபங்ஷனுக்குள் பிறந்தது, எந்தெந்த இடத்தில் அதே பெயர் அதே பொருளைக் குறிக்கிறது என்று கண்டறிந்துதான் மாற்றுகிறது.

ஒரு எச்சரிக்கை: கன்ட்ரோல் + எஃப்2 என்று இன்னொன்று இருக்கிறது. ஃபைலில் அதே எழுத்து வரும் எல்லா இடங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை. அதற்குப் பொருள் தெரியாது. விரல் தவறி இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

பல ஃபைல்களில் பயன்படும் பெயர் என்றால், மாற்றும் முன் ஷிஃப்ட் + எஃப்12 அழுத்தி அது எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். எஃப்2 பெட்டியிலேயே முன்னோட்டம் பார்க்கும் வசதியும் உண்டு, எந்த விசை என்று பெட்டியின் அடியில் எழுதியிருக்கும். பட்டியலில் ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து, வேண்டாததன் குறியை எடுத்துவிடலாம். புதியவர்கள் முதலில் கொஞ்சக் காலம் முன்னோட்டம் இல்லாமல் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. கருவி எப்படி யோசிக்கிறது என்பது அந்தப் பட்டியலைப் படிக்கப் படிக்கத்தான் பிடிபடும்.

இதே முறையில் எ, வ, மொ, தவ ஆகியவற்றை எண்ணிக்கை, வரி, மொத்தம், தவணை என்று மாற்றுங்கள். மிஞ்சுவது ‘த’. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

முதல் வரியில் ‘த’ என்றால் தள்ளுபடிக்கு முந்தைய தொகை. இரண்டாம் வரியிலிருந்து அதுவே தள்ளுபடி போக மிச்சம். ஒரே பெயரில் இரண்டு விஷயங்கள். எஃப்2 இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும், ஏனென்றால் பைத்தானுக்கு அது ஒரே வேரியபிள். பிரிக்க வேண்டியது நாம்தான். எஃப்2 போட்டு எல்லா இடத்திலும் ‘தள்ளுபடி_போக’ என்று மாற்றிவிட்டு, பழைய பொருளில் வரும் மூன்று இடங்களை மட்டும் (முதல் வரியின் இடப்பக்கம், இரண்டாம் வரியின் வலப்பக்கத்தில் இரண்டு) கையால் ‘கூட்டுத்தொகை’ ஆக்குங்கள்:

கூட்டுத்தொகை = விலை * எண்ணிக்கை
தள்ளுபடி_போக = கூட்டுத்தொகை - கூட்டுத்தொகை * 5 / 100
வரி = தள்ளுபடி_போக * 12 / 100
மொத்தம் = தள்ளுபடி_போக + வரி
தவணை = மொத்தம் / 12

வலப்பக்கத்தில் ஒன்றை மறந்துவிட்டாலும், மதிப்பே தராத வேரியபிளைப் பயன்படுத்துகிறாய் என்று ஓட்டியவுடன் பைத்தான் சொல்லிவிடும். இப்போது ஓட்டிப் பாருங்கள். 21,280, 1,773.33. சரி, கமிட்.

எஃப்2 எட்டாத இடங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கருவிகளை நம்பி ஏமாந்தேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தது இங்கேதான்.

மேற்கோள் குறிக்குள் இருப்பதை எஃப்2 தொடாது. ஃபங்ஷன் பெயரைச் சரமாக (ஸ்ட்ரிங்) வைத்துக்கொண்டு ஓடும்போது தேடி அழைக்கும் நிரல்கள் உண்டு, அந்தச் சரம் பழைய பெயரிலேயே நிற்கும். ஜாங்கோ, ஃபிளாஸ்க் போன்ற வலைத்தளக் கட்டமைப்புகளில் வலைப்பக்க டெம்பிளேட்டுகளுக்குள் எழுதிய பெயர்களும் அப்படியே. டேட்டாபேஸ் நெடுவரிசைப் பெயர்கள், ஜேசான் ஃபைலில் (தரவைப் பெயரும் மதிப்புமாகச் சேமிக்கும் டெக்ஸ்ட் வடிவம்) உள்ள பெயர்கள், கான்ஃபிக் ஃபைல்கள், குறிப்புரைகள் எல்லாம் அதன் கண்ணுக்கு வெறும் எழுத்துதான். எனவே ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்குப் பிறகும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் அழுத்தி, பழைய பெயரை ஃபோல்டர் முழுவதிலும் தேடுங்கள். எடிட்டர் செய்ததை நீங்கள் சரிபார்க்கும் கட்டம் இது.

தேடலில் கிடைத்ததையெல்லாம் உடனே மாற்றிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சேமித்த பில்கள் ஒரு ஜேசான் ஃபைலில் ‘வி’ என்ற பெயரோடு கிடக்கின்றன என்றால், அதைப் படிக்கும் வரியில் ‘வி’ அப்படியே இருப்பதுதான் சரி. நிரலுக்கு வெளியே போய்விட்ட பெயரை நிரலுக்குள் இருந்து மாற்ற முடியாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. பைத்தானின் டேட்டாகிளாஸ் (தரவை வைத்துக்கொள்வதற்கான கிளாஸ்) ஒன்றை அப்படியே அகராதியாக (டிக்ட்) மாற்றி ஜேசானில் சேமிக்கிறீர்கள் என்றால், அதன் உறுப்புப் பெயர்களே ஜேசானின் பெயர்களாகின்றன. எஃப்2 போட்டு உறுப்பின் பெயரை மாற்றினால், சேமிக்கும் வடிவமும் சத்தமில்லாமல் மாறிவிடும். எரர் எதுவும் வராது. பழைய ஃபைலைத் திறக்கும் நாளில்தான் தெரியும். ஜாவாவில் ஜேசானுக்கான ஜாக்சன் நூலகம் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, பைத்தான் போன்ற மொழிகளுக்கே உரிய சிக்கல். ‘பொருள்’ என்ற கிளாஸில் ‘வி’ என்ற உறுப்பு இருக்கிறது. வேறொரு ஃபைலில் உள்ள ஃபங்ஷன் ‘ப’ என்று ஓர் உள்ளீட்டை வாங்கி ‘ப.வி’ என்று பயன்படுத்துகிறது. அந்த ‘ப’ எந்த வகை என்று எங்கும் எழுதவில்லை. பைலான்ஸுக்கு அது ‘பொருள்’தான் என்று தெரிய வழியில்லை, ஆகவே அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடும். தீர்வு எளிது: உள்ளீட்டுக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி வைத்து அதன் வகையைக் குறியுங்கள். வகைக் குறிப்பு எழுதுவதை நேர விரயம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது எழுத வேண்டும். எழுத எழுத எடிட்டரின் பார்வை எட்டும் தூரம் கூடும்.

ஜாவா, சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் போன்ற வகை எழுதும் மொழிகளில் இந்தக் கடைசிச் சிக்கல் வெகுவாகக் குறைவு. அங்கே எஃப்2-ஐ இன்னும் தைரியமாக அழுத்தலாம்.

பிரித்தெடுத்தல்

நீளமான ஃபங்ஷனிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தனி ஃபங்ஷன் ஆக்குவது, அல்லது ஒரு நீளமான கோவைக்கு (எக்ஸ்பிரஷன், அதாவது மதிப்பு தரும் கணக்குத் துண்டு) பெயர் கொடுத்துத் தனி வேரியபிள் ஆக்குவது. பெயர் மாற்றத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பயன்படுவது இது.

‘தள்ளுபடி_போக * 12 / 100’ என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஆர் அழுத்துங்கள். கன்ட்ரோலும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்தினாலும் வரும். மெனுவில் வேரியபிளாக எடுக்கவா, மெத்தடாக (இங்கே ஃபங்ஷன் என்று பொருள்) எடுக்கவா என்று இரண்டு வாய்ப்புகள் இருக்கும். மெத்தடைத் தேர்ந்தெடுத்தால் கருவி ஒரு தற்காலிகப் பெயரில் புதிய ஃபங்ஷனை உருவாக்கும். அதை ‘வரி_கணக்கிடு’ என்று மாற்றுங்கள். பழைய இடத்தில் இப்போது இருப்பது:

வரி = வரி_கணக்கிடு(தள்ளுபடி_போக)

எந்த உள்ளீடு தேவை என்பதைக் கருவியே கண்டுபிடித்து அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறது. கையால் செய்யும்போது அதிகம் தவறு நேர்வது இந்த இடத்தில்தான்.

லினக்ஸில் தமிழ் தட்டச்சுக்காக ஐபஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோலும் முற்றுப்புள்ளியும் சேர்ந்த விசையை ஐபஸ் தன் ஈமோஜி வசதிக்காகப் பிடித்துக்கொள்ளக்கூடும், அப்போது எடிட்டரில் மெனு வராது. ஐபஸ் அமைப்புகளில் ஈமோஜி தாவலுக்குப் போய் அந்த விசையை நீக்கினால் சரியாகிவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் தேர்ந்தெடுப்பது. மவுஸால் இழுக்கும்போது ஓர் எழுத்து கூடவோ குறையவோ போய்விடும். அரை வாக்கியத்தைக் கொடுத்தால் எதுவும் செய்ய முடியாது என்று கருவி கைவிரித்துவிடும். மவுஸை விட்டுவிட்டு ஷிஃப்ட் + ஆல்ட் + வலது அம்பு அழுத்திப் பாருங்கள். முதலில் சொல், அடுத்து கோவை, அடுத்து வரி என்று தேர்வு படிப்படியாக விரியும். விரிவது நிரலின் இலக்கணப்படி என்பதால் அரைகுறைத் தேர்வு பெரும்பாலும் வராது. இடது அம்பு அழுத்தினால் சுருங்கும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு விசை கற்ற பிறகு பிரித்தெடுத்தலைக் கைவிட்டவர் யாருமில்லை.

பிரித்தெடுத்தபின் கருவி தந்த முதல் வரியைப் படியுங்கள், அதில் நிறைய செய்தி இருக்கிறது. உள்ளீடுகள் ஐந்தாறு வந்துவிட்டனவா? வெட்டிய இடம் சரியில்லை என்று பொருள். திரும்பி வரும் மதிப்புகள் மூன்று நான்கு இருக்கின்றனவா? அதுவும் அப்படித்தான். கன்ட்ரோல் + இசட் அழுத்திவிட்டு, ஒரு வரி மேலேயோ கீழேயோ சேர்த்து மறுபடி முயலுங்கள். கருவியோடு செய்யும்போது ஒரு முயற்சிக்குச் சில நொடிதான் ஆகும், எனவே மூன்று நான்கு விதமாக வெட்டிப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளலாம். கையால் செய்பவர் முதலில் வெட்டியதோடு திருப்திப்பட்டுக்கொள்வார். நல்ல அமைப்பு கிடைப்பதற்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

சில சமயம் கருவி மறுக்கும், அல்லது எச்சரிக்கும். அந்த மறுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1992-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓப்டைக் தன் முனைவர் பட்ட ஆய்வில், எந்தெந்த நிபந்தனைகள் நிறைவேறினால் ஒரு மாற்றம் நிரலின் நடத்தையைக் கெடுக்காது என்பதை முறையாக ஆராய்ந்தார். அதே பல்கலைக்கழகத்தில் டான் ராபர்ட்ஸும் ஜான் பிரான்ட்டும் ஸ்மால்டாக் மொழிக்காக ரீஃபாக்டரிங் பிரவுசர் என்ற கருவியை உருவாக்கினார்கள். இன்றும் ஒரு நல்ல கருவி முதலில் நிபந்தனையைச் சோதித்த பிறகுதான் மாற்றுகிறது. லூப்பின் நடுவிலிருந்து வெளியேறும் வரியைச் சேர்த்து வெட்டச் சொன்னால் மறுப்பது அதனால்தான். மறுத்தால் சுற்றுவழி தேடாமல், ஏன் மறுக்கிறது என்று யோசியுங்கள்.

ஆனால் எல்லா ஆபத்தையும் கருவி கண்டுகொள்ளும் என்று நினைக்காதீர்கள். வேறொரு நிரலில், ‘பட்டியல் காலியாக இல்லை, மேலும் அதன் முதல் உருப்படி 100-க்கு மேல்’ என்று ஒரே வரியில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பாதியை மட்டும் தேர்ந்தெடுத்து வேரியபிளாக எடுத்தால், அது முந்தைய வரிக்குப் போய்விடும். இதற்கு முன்பு பட்டியல் காலி என்றால் முதல் உருப்படியைத் தொடாமலே தப்பித்த நிரல், இனி காலிப் பட்டியலிலும் அதைத் தேடி எரர் தரும். நிபந்தனைகளின் பிற்பாதியைப் பிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ஒரே எண், வேறு பொருள்

இப்போது 12. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி அடுக்குகள் மாறின. 12 சதவீதத்தில் இருந்த பொருள்களில் பெரும்பாலானவை 5 சதவீதத்துக்கு வந்தன, தையல் மெஷினும் அவற்றில் ஒன்று. நம் நிரலில் 12 இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வரி, இன்னொன்று மாதங்கள். தேடி மாற்றினால் வாடிக்கையாளர் ஒரு வருடத் தவணையை ஐந்தே மாதத்தில் கட்ட வேண்டிவரும்.

ஆகவே, மாற்றுவதற்கு முன் இரண்டுக்கும் பெயர் கொடுக்க வேண்டும். பைச்சார்ம் எடிட்டரில் மாறிலியாக (மதிப்பு மாறாத பெயர்) எடுக்க கன்ட்ரோல் + ஆல்ட் + சி. விஷுவல் ஸ்டுடியோ கோடில் பைத்தானுக்கு, வேரியபிளாக எடுத்துவிட்டு, அந்த வரியை ஆல்ட் + மேல் அம்பால் ஃபைலின் தலைப்பகுதிக்கு நகர்த்தி உள்தள்ளலைச் சரிசெய்தால் போதும்.

பைச்சார்ம் இங்கே ஒரு கேள்வி கேட்கும். இதே மதிப்பு வேறு இடத்திலும் இருந்தால், இந்த ஒன்றை மட்டுமா, எல்லாவற்றையுமா என்று. எல்லாவற்றையும் என்ற பதில் கவர்ச்சியாக இருக்கும். எண்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது தவறான பதில். இரண்டு 12-உம் ஒன்றா வேறா என்று கருவிக்குத் தெரியாது. அது கடைக்காரருக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

வரி_சதவீதம் = 12
தள்ளுபடி_சதவீதம் = 5
தவணை_மாதங்கள் = 12

இப்படி வந்த பிறகு ஓட்டி, பழைய விடையே வருகிறதா என்று பார்த்து, கமிட் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் வரியை 5 ஆக்க வேண்டும். மொத்தம் 19,950, தவணை 1,662.50 என்று மாறும். இது வேறு கமிட், ஏனென்றால் இது ரீஃபாக்டரிங் அல்ல, நிரலின் நடத்தையே மாறியிருக்கிறது. இப்போது தள்ளுபடியும் 5, வரியும் 5. பெயர் கொடுக்காமல் எண்களையே விட்டிருந்தால் அடுத்த மாற்றத்தின்போது எந்த 5 எது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மற்ற கருவிகள்

பிரித்தெடுத்தலுக்கு நேர் எதிரானது இன்லைன். தேவையில்லாத வேரியபிளை நீக்கி, அதன் கோவையை அது பயன்படும் இடத்திலேயே போடும். பைச்சார்மில் கன்ட்ரோல் + ஆல்ட் + என். கோவைக்குள் நேரத்தைக் கேட்கும், ரேண்டம் எண் எடுக்கும் அல்லது பயனரிடம் உள்ளீடு வாங்கும் அழைப்பு இருந்து, வேரியபிள் இரண்டு முறை பயன்பட்டால், இன்லைன் செய்தபின் அந்த அழைப்பும் இரண்டு முறை நடக்கும். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

ஃபைலின் பெயரை எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலிலேயே மாற்றுங்கள், இம்போர்ட் வரிகளையும் சேர்த்து மாற்ற முன்வரும். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் மாற்றினால் அந்த உதவி கிடைக்காது. ஃபங்ஷனின் உள்ளீடுகளை வரிசை மாற்றுவது, யாரும் பயன்படுத்தாததை உறுதிசெய்துகொண்டு நீக்குவது போன்றவை பைச்சார்மை வெளியிடும் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் எடிட்டர்களில் நன்றாக இருக்கின்றன. முதல் மாதத்தில் அவை அவ்வளவாகத் தேவைப்படாது.

சாட்பாட்டிடம் சொன்னால் ஆகாதா?

இன்று பலரும் கேட்கும் கேள்வி. ஏஐ உதவியாளரிடம் ‘இந்தப் பெயரை எல்லா ஃபைலிலும் மாற்று’ என்றால் மாற்றித் தரும். ஆனால் எஃப்2 ஒவ்வொரு முறையும் ஒரே விதியைப் பின்பற்றுகிறது. உதவியாளர் அடுத்து வர வேண்டிய எழுத்துகளை ஊகித்து எழுதுகிறது. பெயரை மாற்றும் போக்கில் பக்கத்து வரியையும் திருத்திவிடலாம், ஓரிடத்தை விட்டும்விடலாம். விதிப்படி செய்யக் கருவி இருக்கும் வேலைக்கு ஊகம் எதற்கு? நல்ல பெயர் தோன்றவில்லை, எங்கே வெட்டலாம் என்று புரியவில்லை என்றால் தாராளமாகக் கேளுங்கள், அதில் அது கெட்டி. கோபைலட் என்ற ஏஐ உதவியாளரை வைத்திருப்பவர்களுக்கு எஃப்2 பெட்டியிலேயே பெயர் யோசனைகள் வரும். யோசனையை அங்கே வாங்கி, மாற்றத்தை எஃப்2-இடம் கொடுங்கள்.

வேறு எடிட்டர் வைத்திருப்பவர்களுக்கு

2016-இல் மைக்ரோசாஃப்ட், எடிட்டரும் நிரலைப் படிக்கும் கருவியும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை வெளியிட்ட பிறகு, நிரலைப் புரிந்துகொள்ளும் பகுதி எடிட்டரிலிருந்து பிரிந்து தனியாக ஓடத் தொடங்கியது. அதனால் விம், ஈமாக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் பெயர் மாற்றமும் பிரித்தெடுத்தலும் கிடைக்கின்றன, விசைகள்தான் வேறு. பைச்சார்ம், இன்டெல்லிஜே இரண்டிலும் பெயர் மாற்ற ஷிஃப்ட் + எஃப்6, மெத்தடாக எடுக்க கன்ட்ரோல் + ஆல்ட் + எம், வேரியபிளாக எடுக்க கன்ட்ரோல் + ஆல்ட் + வி. அங்கே பெயர் மாற்றும்போது குறிப்புரைகளிலும் சரங்களிலும் சேர்த்துத் தேடச் சொல்லலாம், முன்னோட்டம் பார்த்துச் செய்யுங்கள். எக்லிப்ஸில் ஆல்ட் + ஷிஃப்ட் + ஆர் பெயர் மாற்றத்துக்கு, ஆல்ட் + ஷிஃப்ட் + எம் மெத்தடுக்கு. பெரிய விஷுவல் ஸ்டுடியோவில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஆர் விசையை இரண்டு முறை தட்ட வேண்டும்.

குழுவில் வேலை செய்யும்போது

பல ஃபைல்களைத் தொடும் பெயர் மாற்றத்தை, மற்றவர்கள் அதே ஃபைல்களில் வேலை செய்துகொண்டிருக்கும்போது செய்யாதீர்கள். அவர்கள் கிளையை இணைக்கும்போது வரிக்கு வரி மோதல் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்டுகள் (கிளையை இணைக்கச் சொல்லும் கோரிக்கைகள்) இணைந்த பிறகு செய்யுங்கள்.

கமிட் செய்தியில் எந்தக் கருவி, எந்த மாற்றம் என்று எழுதுங்கள். ‘எஃப்2: த என்பதை தள்ளுபடி_போக என மாற்றியது, நடத்தையில் மாற்றமில்லை’ என்றிருந்தால், சரிபார்ப்பவர் நாற்பது ஃபைல்களை வரி வரியாகப் படிக்க வேண்டியதில்லை. கருவி தொடாத, நீங்கள் கையால் செய்த அந்த மூன்று இடங்களைத் தனிக் கமிட்டில் வையுங்கள், அவர் கவனமாகப் பார்க்க வேண்டியது அதைத்தான்.